போர்வை போட்ட காய்

பிப்ரவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போன மாதம் வந்த காய்ச்சல் முழுக்க விட்டதா? நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன். இந்த வயதில் அதற்கு மேல் கேட்டால் பேராசை.

ஃபோனை விட்டுவிட்டுக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். வீட்டில் பேசினால் உன் அத்தான் காதில் விழும். இரண்டு அறைக்கும் நடுவே ஒரு திரைச்சீலைதான். சந்தையில் பேசினால் ஊர் காதில் விழும். அதனால் தராசுக்குப் பின்னால் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் கடை விலாசத்துக்கே எழுது.

அவரை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். வாதம் இழுத்த வலது கையும் காலும் இன்னும் திரும்பவில்லை. பேச்சு வரும் என்கிறார்கள், வந்தபாடில்லை. தண்ணீராக எது கொடுத்தாலும் புரையேறுகிறது. கெட்டியாக, வழுவழுவென்று, மெல்ல அவசியமில்லாததாகக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுக்கிறேன். ஸ்பூன் கிட்டே போனதும் உதட்டை மூடிக்கொள்கிறார். மாடி வீட்டு நர்ஸ் காலையும் மாலையும் வந்து, டப்பா சத்துமாவைக் கெட்டியாகக் கரைத்து அதட்டி ஊட்டிவிட்டுப் போகிறாள். அதில்தான் உயிர் ஓடுகிறது. எடை இறங்கிக்கொண்டே வருகிறது. டாக்டர் என்னிடம் ஒளிக்கவில்லை. "அவரால விழுங்க முடியும்மா. மாட்டேங்கிறார். ஜூன் கடைசியில் பார்ப்போம். அப்பவும் இப்படியே இருந்தா குழாய்தான்" என்றார். மூக்கு வழியாகப் போடும் குழாய். அதைக் கேட்டபோது அவர் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

நாளைக்கு அழுகப்போகிற தக்காளியைக்கூட இன்றைக்கே விற்றுவிடுகிற எனக்கு, ஒரு மனுஷனிடம் ஒரு ஸ்பூன் கஞ்சி விற்கத் தெரியவில்லை.

நீ அங்கே தொழிலாளர் விடுதியில் காய்கறியை வேகவைத்து, மேலே பாலும் சீஸும் சேர்ந்த வெள்ளை சாஸை ஊற்றி ஓவனில் வைத்து எடுப்பாயே, பல்செட் வைத்தவர்கள்கூட தட்டை வழிக்கிறார்கள் என்று பெருமை அடித்தாயே, அதை எப்படிச் செய்வது என்று எழுது. இத்தனை வருஷம் நான் விடியுமுன் சந்தைக்குக் கிளம்பிவிட்டால் தையல் மெஷினுக்கும் அடுப்புக்கும் நடுவே ஓடியது உன் அத்தான்தான். எனக்கு விற்கத் தெரியும், சமைக்கத் தெரியாது. அதை மனதில் வைத்து எழுது.

குளிரில் வெறும் காலோடு நிற்காதே.

உன் அக்கா

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. காய்ச்சல் போய்விட்டது. மற்றபடி சுகம் என்றுதான் சொல்ல வேண்டும். நீ கரண்டி பிடிக்கப் போகிறாய் என்று படித்ததும் அத்தானை நினைத்துப் பயந்துபோனேன்.

காலிஃபிளவர், கேரட், பீன்ஸ், பட்டாணி. சின்னச் சின்னதாக நறுக்கி வேகவை. விரலால் அழுத்தினால் நசுங்க வேண்டும், அழுத்தாமல் உருவம் கலையக் கூடாது. வடித்து, துணியில் பரப்பி ஆறவிடு. அவசரப்படாதே.

சாஸுக்கு வெண்ணெயை உருக்கு. முதலில் நுரைத்துச் சலசலக்கும். சத்தம் அடங்கியதும் அதே அளவு மைதாவைப் போட்டுக் கிளறு. ஈர மணல் மாதிரி இருக்கும். நிறம் மாற விடாதே. பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறிக்கொண்டே இரு. கரண்டி முதுகில் ஒட்டிய சாஸில் விரலால் ஒரு கோடு இழு. கோடு மூடாமல் நின்றால் இறக்கிவிடலாம். இறக்கிய பிறகுதான் துருவிய சீஸ். கொதிக்கும்போது போட்டால் நூல் நூலாகி எண்ணெய் கக்கும். காயைத் தட்டில் பரப்பி, சாஸை ஊற்றி, இன்னும் கொஞ்சம் சீஸ் தூவி ஓவனில் வை. ஓரத்தில் குமிழி வந்து மேலே அங்கங்கே பழுப்புப் புள்ளி விழுந்தால் எடு.

லீவு கேட்டுப் பார்க்கிறேன். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

மார்ச் 8

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? இங்கே நலத்துக்குக் குறைச்சலில்லை, உன் அத்தானைத் தவிர.

நம் வீட்டில் ஓவன் ஏது? எதிர் ரொட்டிக்கடையில் காலை ரொட்டி எடுத்தபின் அடுப்புச் சூடு சும்மாதான் போகிறது. சும்மா போகிற எதையும் நான் விடுவேனா? பேசி முடித்தேன். தட்டோடு போய் நின்றதும் ரொட்டிக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, காய்க்குக் குளிருதா? போர்வையெல்லாம் போத்திக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

போர்வைதான். ஆனால் முடிச்சு விழுந்த போர்வை. நீ கொஞ்சம் கொஞ்சமாக என்று எழுதியிருந்தாய். நான் மூட்டையைக் கவிழ்க்கிற மாதிரி பாலைக் கவிழ்த்துவிட்டேன். எது பட்டாணி, எது மாவுக்கட்டி என்று எனக்கே தெரியவில்லை.

உன் அத்தான் தட்டைப் பார்த்தார். நன்றாக இருக்கிற பக்கத்துப் புருவம் மேலே போயிற்று. வேறு டெய்லர் தைத்த சட்டையைப் பார்த்தால் அப்படித்தான் பார்ப்பார். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வீணாக்க மனம் வராமல் எல்லாவற்றையும் நானே சாப்பிட்டேன். உப்பு போதுமா போதாதா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. உப்பைப் பற்றி நீ ஏன் எழுதவே இல்லை?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். எல்லோரும் சுகம்தானே? இங்கே ஆள் குறைவு, வேலை அதிகம்.

பாலை வெதுவெதுப்பாக்கி ஊற்று. ஒவ்வொரு கரண்டிப் பாலும் மாவோடு சேர்ந்த பிறகு அடுத்த கரண்டி. அப்படியும் கட்டி விழுந்தால் வடிகட்டிவிடு, யாருக்கும் தெரியாது. சீஸிலேயே உப்பு இருக்கும். அதனால் கடைசியில் பக்கத்தில் இருப்பவரை ருசி பார்க்கச் சொல்லிப் போடு.

லீவு இன்னும் கிடைக்கவில்லை.

தம்பி

ஏப்ரல் 7

அன்புள்ள தம்பிக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு முதுகு போய்விட்டது.

இந்தத் தடவை சாஸில் கட்டி இல்லை. உன் கோடு மூடாமல் நின்றது. ஆனால் ஓவனிலிருந்து எடுத்தால் மேலே போர்வை, கீழே குளம். காய் விட்ட தண்ணீரில் சாஸ் மிதந்தது. தண்ணீரைச் சாய்த்துவிட்டு ஒரு ஸ்பூன் எடுத்துக்கொண்டு காத்திருந்தேன். எதிராளி அசந்த நேரம் பார்ப்பது எனக்குத் தொழில். அவர் கொட்டாவி விட்டார், வாயில் வைத்துவிட்டேன்.

பீன்ஸ் நார் தொண்டையில் சிக்கிக்கொண்டது. புரையேறி முகம் கறுத்துப்போயிற்று. நான் போட்ட சத்தத்தில் மாடி வீட்டு நர்ஸ் ஓடி வந்து, அவரைக் குனியவைத்து முதுகில் தட்டினாள். மூச்சு திரும்பியதும் இடது கையால் தட்டைத் தள்ளிவிட்டார். தரையெல்லாம் சாஸ். நான் துடைத்தேன். நான் துடைப்பதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நர்ஸ் என்னைத் திட்டிய திட்டு எனக்கு உறைக்கவே இல்லை. அந்தப் பார்வைதான் உறைத்தது.

இரண்டு பேருக்குமே அலுத்துவிட்டது, தம்பி. யார் முதலில் சொல்வது என்பதுதான் பாக்கி.

வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்த பிறகு வேலை ஓடவில்லை. அத்தான் இப்போது எப்படி இருக்கிறார்? இனி அசந்த நேரம் பார்த்து ஊட்டாதே. நிமிர்ந்து உட்காரவை, அவருக்குத் தெரிந்து கொடு.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. எந்தக் காயைப் போட்டாய்? கடையில் விற்கிற காயா, வீட்டுக்கு வருகிற காயா? பீன்ஸை ஒடித்தால் டக்கென்று சத்தம் கேட்க வேண்டும். ஒடியாமல் வளைந்தால் நாராகத்தான் இருக்கும். காலிஃபிளவர் நாள்பட்டிருந்தால் வெந்ததும் தண்ணீர் விடும். கேரட் முற்றியிருந்தால் நடுத்தண்டைத் தூக்கிப் போட்டுவிடு.

முதுகுக்கு ஒத்தடம் கொடுத்தாயா?

தம்பி

ஏப்ரல் 29

அன்புள்ள தம்பிக்கு,

முதுகு பரவாயில்லை. அவர் அப்படியேதான் இருக்கிறார்.

இது என்ன கேள்வி? வீட்டுக்கு வருகிற காய்தான். விற்கிற காயை வீட்டுக்குக் கொண்டுபோனால் கடை எதற்கு? இந்த வழக்கம் கல்யாணமான நாளிலிருந்து இருக்கிறது. பத்துப் பேர் கிள்ளிப் பார்த்துப் போட்ட காய், மூட்டைக்கு அடியில் நசுங்கிய காய், சாயங்காலம்வரை யாரும் சீண்டாத காய், எல்லாம் என் பைக்குள் போகும். அவர் கத்தியோடு உட்காருவார். கெட்டதைச் செதுக்கி எறிந்துவிட்டு மீதியில் ஒரு சமையல் செய்வார் பார், என்னிடம் முதல்தரக் காய் வாங்கிப் போனவள் வீட்டில்கூட அந்த ருசி இருக்காது. வெட்டுத் துண்டுகளை ஒட்டுப் போட்டுச் சட்டை தைக்கிறவருக்கு இது பெரிய வேலையா? ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அந்தக் கத்தி இப்போது என் கையில் இருக்கிறது, அந்தக் கை என்னிடம் இல்லை. செதுக்கி எறிய வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். சரி, அடுத்த தடவை முன்வரிசைக் காய் போடுகிறேன்.

இப்போது என் கேள்வி. உன் கடிதங்களைச் சேர்த்து வைத்துப் படித்தேன். வெண்ணெய் சலசலக்கிறது, கோடு நிற்கிறது, பீன்ஸ் டக்கென்கிறது. எல்லாம் கண்ணுக்கும் காதுக்கும். சின்ன வயதில் வெங்காயம் வதங்கும் வாசனையை வைத்தே யார் வீட்டில் என்ன குழம்பு என்று சொல்கிறவன் நீ. மூன்று கடிதத்தில் வாசனை என்ற வார்த்தையே இல்லை. உப்பைக் கேட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேள் என்கிறாய். லீவும் வருகிறது வருகிறது என்கிறாய், வரக் காணோம். தராசுத் தட்டில் யார் விரல் வைத்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். என்ன நடக்கிறது அங்கே?

அக்கா

மே 18

அன்புள்ள தம்பிக்கு,

பதில் இல்லை. நல்லபடியாக இருக்கிறாய் என்று ஒரு வரி போட்டால் போதும்.

முன்வரிசைக் காயில் செய்தேன். காலையில் முதல் பெட்டியைப் பிரித்ததும் எனக்கென்று எடுத்து வைத்தேன். பக்கத்துக் கடைக்காரி, "என்னக்கா, வீட்டுக்கு மந்திரி வர்றாரா?" என்று கேட்டாள். தண்ணீர் விடவில்லை. வெட்டினால் துண்டாக எழுந்து வந்தது. நர்ஸ் மசித்துப் பார்த்துவிட்டு, இது தாராளமாக இறங்கும் என்றாள். ரொட்டிக்கடைக்காரர் ஒரு ஸ்பூன் வாயில் போட்டார். வாய் ஓயாத மனிதர், பேச்சைப் பாதியில் விட்டு இன்னொரு ஸ்பூன் எடுத்தார்.

நிமிர்த்தி உட்காரவைத்து, கழுத்தில் துண்டு கட்டி, ஸ்பூனை நீட்டினேன். உதட்டை மூடிக்கொண்டார். கெஞ்சினேன். கண்ணையும் மூடிக்கொண்டார்.

ஆக, குறை காயில் இல்லை. என்னிடம் இதற்கு மேல் சரக்கு இல்லை, தம்பி. குழாய் போட்டுக்கொள்ளட்டும் என்று மனம் அடிக்கடி சொல்கிறது. அதை உன்னிடம் மட்டும்தான் எழுத முடியும்.

அக்கா

மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. எழுத வெட்கமாக இருந்தது.

நீ பிடித்தது சரி. காய்ச்சல் போகும்போது வாசனையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. வாசனை போனால் ருசியும் போகும் என்பது போன பிறகுதான் தெரிகிறது. எதைத் தின்றாலும் ஈரக் காகிதம் தின்கிற மாதிரி இருக்கிறது. உப்பு ஏதோ மங்கலாகத் தெரிகிறது, நம்ப முடியவில்லை. ஒரு நாள் பால் அடிப்பிடித்துத் தீய்ந்துகொண்டிருந்தது. நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பாத்திரம் கழுவுகிற அம்மா ஓடி வந்து அடுப்பை அணைத்தார். "மூக்கை வீட்ல வச்சிட்டு வந்துட்டியாப்பா?" என்றார். நான் சிரித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பதை நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து எனக்கு நாக்கு அவர்தான். மேனேஜருக்குத் தெரியாது. லீவு நான் கேட்கவே இல்லை, அக்கா. வந்தால் எதையாவது ருசி பார்க்கச் சொல்வாய். உன்னிடம் முகத்தை மறைக்க முடியாது.

அந்த அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தட்டில் போட்டு 'சாப்பிடும்மா' என்றால் பசியில்லை என்று விடுவார். மிச்சம் மீதியைத் தள்ளுகிறோம் என்று அவருக்கு எண்ணம். ஸ்பூனை நீட்டி 'உப்பு பாரும்மா, எனக்குத் தெரியல' என்றால் இதுவரை ஒரு தடவைகூட வேண்டாம் என்றதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பார்.

அத்தான் இத்தனை வருஷம் உனக்குப் போட்டுவிட்டுத்தான் தான் சாப்பிட்டவர். இப்போது கழுத்தில் துண்டு கட்டி ஊட்டினால் அவர் என்ன செய்வார்? நானாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொள்வேன். அவருக்குச் சாப்பாடு கொடுக்காதே அக்கா, வேலை கொடு.

தம்பி

ஜூன் 6

அன்புள்ள தம்பிக்கு,

உன் மூக்கைப் பற்றி அப்புறம் பேசுகிறேன். என்னிடம் வெட்கப்பட்டாயே, அதற்கு உன்னை நேரில்தான் திட்ட வேண்டும்.

நீ சொன்னபடி செய்தேன். தட்டை ரொட்டிக்கடையிலிருந்து கொண்டுவந்து, ஆறவிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தேன். நர்ஸை வாசல்படியில் நிற்கச் சொன்னேன். துண்டு கட்டவில்லை. ஸ்பூனை அவருடைய இடது கையில் வைத்தேன். "உப்பு சரியா இருக்கான்னு பாருங்க. எனக்கு ஒண்ணும் தெரியல. ரொட்டிக்கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் நல்லாருக்குன்னுவாரு" என்றேன். நடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

ஸ்பூனைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். புருவம் மேலே போயிற்று. கை நடுங்கி முதல் ஸ்பூன் பாதி படுக்கையில் விழுந்தது. நான் எழுந்து பிடிக்கப் போகாமல் இருப்பதற்குப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மீதி வாய்க்குள் போயிற்று. ரொம்ப நேரம் வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் தொண்டை ஏறி இறங்கிற்று. இருமல் இல்லை. மறுபடி தானே ஒரு காலிஃபிளவர் துண்டைக் கிள்ளி எடுத்து, தூக்கிப் பிடித்துப் பார்த்தார். எந்தப் பக்கத்திலும் செதுக்கின அடையாளம் இல்லாத துண்டு.

"இது," என்றார். குழறல்தான், ஆனால் பேச்சு. "நம்ம வீட்டுக் காய் இல்லையே."

இத்தனை மாதம் கழித்து வந்த முதல் வார்த்தை இது. "இல்லைங்க. விக்கிற காய்" என்றேன்.

வாய் ஒரு பக்கமாகக் கோணிற்று. அது சிரிப்பு என்று எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"திருடினியா?"

நான் ஸ்டூலைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது அடுத்த ஸ்பூன் எடுத்துக்கொண்டிருந்தார். அதிகமில்லை, ஒரு கைப்பிடி அளவு சாப்பிட்டிருப்பார், பாதிக்கு மேல் சட்டையில். வாசல்படியில் நர்ஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

உப்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்க மறந்துவிட்டேன்.

அக்கா

ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பாத்திரம் கழுவுகிற அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். 'திருடினியா' வந்ததும் மறுபடி படிக்கச் சொன்னார்.

இங்கே விஷயம் வெளியே வந்துவிட்டது. கெட்டுப்போன பாலில் சாஸ் செய்துவிட்டேன். அன்று அந்த அம்மா வேலைக்கு வரவில்லை. நல்லவேளை, பரிமாறுவதற்கு முன்னால் தெரிந்துவிட்டது. மேனேஜர் சத்தம் போடவில்லை. என்னை அடுப்பிலிருந்து எடுத்து, வெங்காயம் உரிக்கப் போட்டிருக்கிறார். கண் மட்டும் நன்றாக எரிகிறது. மூக்கு மறந்ததைக் கண் மறக்கவில்லை.

டாக்டர் என்ன சொல்கிறார் என்று எழுது. உன் முதுகையும் கவனி.

தம்பி

ஜூலை 2

அன்புள்ள தம்பிக்கு,

பரிசோதனைக்குப் போய் வந்தோம். எடை ஏறவில்லை, ஆனால் இறங்கவும் இல்லை. குழாய் இப்போதைக்கு வேண்டாம், சாப்பிடுவது நிற்காதவரை என்றார் டாக்டர். தினமும் இந்தச் சண்டை இருக்கிறது. ஒரு நாள் ருசி பார்க்கிறார், ஒரு நாள் சுவரைப் பார்க்கிறார். நான் களைத்துத்தான் இருக்கிறேன். ஆனால் சந்தையிலிருந்து திரும்பும்போது கால் வீட்டுப் பக்கம் போக மறுப்பதில்லை.

இனி நான் சொல்வதைக் கேள். வெங்காயம் உரிப்பதற்கு நீ அவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டியதில்லை, நான் வெங்காய மூட்டை மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன். ரொட்டிக்கடை அடுப்பு காலைக்குப் பிறகு சும்மா கிடக்கிறது. மூட்டை தூக்குகிறவர்களும் லாரிக்காரர்களும் மதியம் எதைத் தின்பது என்று அலைகிறார்கள். ரொட்டிக்கடைக்காரரிடம் பேசிவிட்டேன். உன் அத்தானுக்குக் கை இல்லை, நாக்கு இருக்கிறது. உனக்கு நாக்கு இல்லை, கை இருக்கிறது. எனக்கு இரண்டும் கிடையாது, காய் இருக்கிறது. இரக்கப்பட்டுக் கூப்பிடுகிறேன் என்று நினைக்காதே. நான் இரக்கத்தில் கடை போட்டதில்லை.

இந்தக் கடிதத்தை வீட்டில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். திரைச்சீலையை எடுத்துவிட்டேன். உனக்குத்தான் என்றதும் தானும் சொல்கிறேன் என்றார். இந்த மூன்று வரிக்கு ரொம்ப நேரம் ஆயிற்று. அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

உப்பு கம்மி.

உங்க அக்காவுக்கு வராது.

நீ வா.